ஒரு ஸ்க்ரூ மறந்த கதை: ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் மாங்காவும் இரண்டு அனிமேக்களும்

பெட்டி வரும்போதே ஒரு மூலை நசுங்கித்தான் வந்தது. உள்ளே கடைசி மூன்று புத்தகங்களுக்கு முனை மடங்கியிருந்தது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டால் பத்து நாளாகும் என்றார்கள். அதற்குள் நான் ஐந்தாம் தொகுதிக்குப் போய்விட்டேன். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

வாங்கியது ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் என்கிற மாங்காவின் (ஜப்பானியப் படக்கதை) ஆங்கிலப் பெட்டிப் பதிப்பு. 27 தொகுதிகள், கூடவே ஒரு குட்டி நாவல். அந்தக் காசுக்கு எங்கள் பட்டறைக்கு ஒரு நல்ல டிரில் மெஷின் வாங்கியிருக்கலாம். வீட்டில் பாதி விலைதான் சொல்லியிருக்கிறேன்.

கோவையில் கணபதிப் பக்கம் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பாலிடெக்னிக் படித்த காலத்தில் ஹாஸ்டலில் யாரோ கொண்டுவந்த ஹார்ட் டிஸ்க்கில்தான் இந்தக் கதையை முதலில் பார்த்தேன். அனிமேயாக, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடராக. 51 எபிசோட், நான்கு ராத்திரி. செத்துப்போன அம்மாவை ரசவாதத்தால் திரும்ப வரவழைக்கப் பார்க்கிறார்கள் இரண்டு பையன்கள். அண்ணன் எட்வர்டுக்கு ஒரு காலும் ஒரு கையும் போகிறது. தம்பி ஆலுக்கு உடம்பே போய்விடுகிறது, உயிர் மட்டும் ஓர் இரும்புக் கவசத்துக்குள். அண்ணனுக்குப் போன கைகாலுக்குப் பதில் இரும்பில் செய்து மாட்டியிருப்பார்கள், ஆட்டோமெயில் என்று பெயர். அந்த முழங்கை மூட்டைப் பார்த்ததுமே நான் விழுந்துவிட்டேன். கதை எல்லாம் அப்புறம்தான்.

போன வருஷம் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தபோது இதைப் பற்றிப் பேச்சு வந்தது.

"மாமா, நீங்க பார்த்தது ஒரிஜினல் கதையே இல்லைங்க. 2003-ல எடுத்தது. அதுல பாதிக்கு மேல அவங்களா உருட்டினது. அப்புறமா வந்த ரெண்டாவது அனிமே, பிரதர்ஹுட்தானுங்க மாங்காவை அப்படியே எடுத்தது."

"அப்படியேன்னா எப்படி கண்ணு?"

"அப்படியேன்னா அப்படியேதானுங்க மாமா."

அந்த 'அப்படியே' எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. டிராயிங்கில் இருப்பதை அப்படியே கடைந்து கொடுத்துவிட்டேன் என்று எந்த டர்னரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல மாட்டான். அதனால் பெட்டியை வாங்கி, மாங்காவை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு இரண்டு அனிமேக்களையும் திரும்பப் பார்த்தேன். ஏழு வாரம் ஆனது. கதையை உடைத்துத்தான் எழுதப்போகிறேன். பார்க்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

முதலில் இந்தப் பிரிவு ஏன் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இதை ஏதோ துரோகம் மாதிரிப் பேசுகிறார்கள். ஹிரோமு அராகாவா இந்தக் கதையை 2001-லிருந்து 2010 வரை ஷோனென் கங்கான் என்கிற மாதப் பத்திரிகையில் வரைந்தார். மொத்தம் 108 அத்தியாயம். மாதத்துக்கு ஒன்று. போன்ஸ் ஸ்டுடியோ முதல் அனிமேயை 2003 அக்டோபரில் ஆரம்பித்தபோது எட்டுத் தொகுதிகூட வந்திருக்கவில்லை. அனிமேயோ வாரத்துக்கு ஒரு எபிசோட். மாதம் ஒரு முட்டை போடுகிற கோழியை வைத்துக்கொண்டு வாரா வாரம் ஆம்லெட் கேட்டால் என்ன செய்வது? ஒன்று, நடுவில் சம்பந்தமில்லாத ஃபில்லர் கதைகளைப் போட்டு ஓட்டலாம். இல்லையென்றால் சொந்தமாக ஒரு முடிவை யோசித்து அதை நோக்கிப் போகலாம். இயக்குநர் செய்ஜி மிசுஷிமாவும் கதை அமைத்த ஷோ ஐகாவாவும் இரண்டாவதைச் செய்தார்கள். அராகாவாவே முடிவு வேறாக இருக்கட்டும் என்றுதான் கேட்டுக்கொண்டாராம். இதில் துரோகம் எங்கே வந்தது?

எங்கள் தொழிலில் இது தினமும் நடப்பது. டிராயிங்கில் முதல் ஷீட் மட்டும் வந்திருக்கும், பார்ட்டி அவசரம் என்பார், நாம் மெட்டீரியலை ஏற்றிவிடுவோம். மிச்சத்தை அனுபவத்தில் ஊகிக்க வேண்டியதுதான். சில சமயம் ஒரிஜினலைவிட நன்றாகவே வந்துவிடும். சில சமயம் வரவே வராது. 2003 அனிமேயில் இரண்டும் உண்டு.

நன்றாக வந்தது எது என்றால், ஹோமன்குலஸ்கள், அதாவது ரசவாதத்தில் உருவான செயற்கை மனிதர்கள். மாங்காவில் இவர்கள் ஏழு பேரும் 'தந்தை' என்கிற ஒரே ஆள் தன்னுடைய பாவங்களைப் பிரித்து உருவாக்கியவர்கள். 2003-ல் அப்படி இல்லை. செத்தவர்களைத் திரும்ப வரவழைக்கப் போய்த் தவறிப் பிறந்தவர்கள்தான் ஹோமன்குலஸ்கள். அப்படியானால் அந்தப் பையன்கள் அன்று ராத்திரி உருவாக்கிவிட்டு வந்தது என்ன ஆனது? அது அம்மா முகத்தோடு, ஸ்லாத் என்ற பெயரில், எதிரியாக வந்து நிற்கிறது. ஆசிரியை இசுமி பறிகொடுத்த குழந்தை ராத் என்ற பெயரில் திரும்பி வருகிறது. முதல் எபிசோடில் செய்த தவற்றுக்குக் கடைசி வரை வட்டி கட்டுகிறார்கள். மாங்காவைப் படித்து முடித்த பிறகும் சொல்கிறேன், இந்த ஒரு இடத்தில் அனிமேக்காரர்கள் யோசித்தது அராகாவா யோசித்ததைவிட ஒரு படி மேல்.

வராதது கடைசி இரண்டு எபிசோட். ரசவாதக் கதவுக்கு அந்தப் பக்கம் நம்முடைய லண்டன் இருக்கிறதாம், மேலே ஆகாயக் கப்பல் பறக்கிறதாம், இங்கே சாகிற மனிதர்களின் உயிர்தான் அங்கே ரசவாதத்துக்கு எரிபொருளாம். ஹாஸ்டலில் பார்த்தபோது வாயைப் பிளந்தேன். இந்த வயதில் பார்த்தால் வேறு கம்பெனி ஸ்பேரை வெல்டு வைத்து ஒட்டிய மாதிரி இருக்கிறது. 2005-ல் வந்த படம் இதையே 1923-ஆம் வருஷத்து மியூனிக் வரை இழுத்துக்கொண்டு போகிறது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை.

ஆனால் அதே கடைசிப் பகுதியில் வில்லி டான்டே ஒரு கேள்வி கேட்கிறாள். ஒன்றைப் பெற வேண்டுமானால் அதே அளவு ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்கிற சம பரிமாற்ற விதியைத்தானே எட்வர்ட் கதை முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அரசு ரசவாதி ஆவதற்கான தேர்வுக்கு உன்னைப் போலவே ராப்பகலாகப் படித்தவர்கள் எல்லாம் பாஸானார்களா, அவர்கள் கொடுத்த உழைப்புக்கு என்ன கிடைத்தது என்கிறாள் அவள். எட்வர்டிடம் பதில் இல்லை. பாலிடெக்னிக் ஹாஸ்டலில் அரியர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்களிடம் மட்டும் இருந்ததா என்ன.

இப்போது ஹியூஸ் விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும்.

மேஸ் ஹியூஸ் ராணுவ அதிகாரி. எந்த நேரமும் சட்டைப்பையிலிருந்து மகள் போட்டோவை எடுத்து நீட்டுகிற ஆள். ஒரு டெலிபோன் பூத்தில் வைத்து அவரைச் சுட்டுக் கொல்கிறார்கள். சுடுகிறவன் கடைசி நொடியில் அவருடைய மனைவியின் உருவத்துக்கு மாறிவிடுவான், அவர் கை தயங்கிவிடும். மாங்காவில் இது 15-ஆம் அத்தியாயம், நான்காம் தொகுதி. பிரதர்ஹுட்டில் பத்தாவது எபிசோட். 2003-ல் 25-ஆவது.

சம்பவம் மூன்றிலும் ஒன்றுதான். வலி மட்டும் ஒன்றில்லை. 2003-காரர்கள் ஆறாவது எபிசோடிலேயே ஒரு வேலை செய்து வைத்திருக்கிறார்கள். ஹியூஸ் பையன்களைத் தன் வீட்டுக்குக் கூப்பிடுகிறார், அன்றைக்கென்று பார்த்து மனைவிக்குப் பிரசவ வலி வந்துவிடுகிறது. மகள் எலிசியா பிறக்கும்போது எட்வர்ட் அந்த வீட்டில்தான் இருக்கிறான். மாங்காவில் இப்படி ஒரு காட்சியே கிடையாது. அங்கே வருகிற பிரசவம் ரஷ் வேலியில், வேறு ஒரு குடும்பத்தில், பையன்களின் தோழி வின்ரி பார்க்கிற பிரசவம். ஆக, 2003-ல் எலிசியாவைப் பிறந்த நாளிலிருந்து நமக்குத் தெரியும். பத்தொன்பது வாரம் கழித்து அதே குழந்தை அப்பாவின் சவப்பெட்டிமேல் மண் போடுகிறவர்களைப் பார்த்து, அப்பாவை ஏன் புதைக்கிறீர்கள், அவருக்கு நிறைய வேலை இருக்கிறதே என்று கேட்கும்போது, நான் ஹாஸ்டல் கக்கூஸுக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

பிரதர்ஹுட் இந்தக் காட்சியை மோசமாக எடுத்திருக்கிறது என்று சொல்ல மாட்டேன். குரல்கூட இரண்டிலும் அதே கெய்ஜி ஃபுஜிவாராதான். (2020-ல் இறந்துவிட்டார். அந்தச் செய்தி வந்த அன்று இந்த டெலிபோன் பூத்தைத்தான் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.) பிரச்சினை, அவரை நமக்குப் பழக்கப்படுத்த நேரம் இல்லை. முந்தைய அனிமே வந்து ஐந்து வருஷம்தான் ஆகிறது, எல்லோரும் இதைப் பார்த்தவர்கள்தானே, சீக்கிரம் புதுக்கதைக்குப் போவோம் என்கிற அவசரம் முதல் பதினாலு எபிசோடிலும் தெரிகிறது. அந்தப் பதினாலில் கிட்டத்தட்ட ஏழு தொகுதியை முடித்துவிடுகிறார்கள். 2003-ல் அதே தூரத்துக்கு, இடைச்செருகல்களோடு சேர்த்து, முப்பத்துச் சொச்சம் எபிசோட் எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் இருபது தொகுதிக்கு பிரதர்ஹுட்டில் ஐம்பது எபிசோட். அங்கேதான் அது மூச்சு விடுகிறது.

மாங்காவைப் படித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்த இன்னொன்று, நீனா. மகளையும் நாயையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு மிருகத்தை உருவாக்கிவிடுகிற டக்கரின் கதை. இணையத்தில் இன்று வரை யாராவது அழுதுகொண்டிருக்கிறார்கள். மாங்காவில் அது ஒரே ஒரு அத்தியாயம்! அறிமுகமாகிறாள், விளையாடுகிறாள், முடிந்துவிட்டது. பையன்களை அந்த வீட்டில் தங்கவைத்து, தேர்வுக்குப் படிக்கவைத்து, நீனாவைத் தங்கச்சி மாதிரி ஆக்கியது 2003 அனிமே. மாங்காவை விட்டு விலகியதால்தான் மாங்காவின் மிகக் கொடுமையான பக்கம் முழு எடை பெற்றது. இதைச் சொன்னால் அக்கா மகன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

அவனுடைய 'அப்படியே'வுக்கு முதல் அடி எங்கே விழுந்தது தெரியுமா? பிரதர்ஹுட்டின் முதல் எபிசோடிலேயே. ஐசக் மெக்டூகல் என்று பனி ரசவாதி ஒருத்தன் வந்து ஊரையே உறைய வைக்கப் பார்க்கிறான். 27 தொகுதியையும் புரட்டிவிட்டேன், அப்படி ஒரு ஆளே இல்லை. இருக்கிற ஆட்களை எல்லாம் ஒரே எபிசோடில் அறிமுகப்படுத்த அவர்களாகச் செய்துகொண்ட ஏற்பாடு அது.

சேர்த்ததை மன்னிக்கலாம். விட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மாங்காவின் மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். அங்கே யோக்கி என்று ஒரு லெஃப்டினென்ட். பெயரைப் பார்த்து யோக்கியன் என்று நினைத்துவிட வேண்டாம், லஞ்சத்திலேயே ஊறியவன். எட்வர்ட் சுரங்கக் கழிவை எல்லாம் தங்கக் கட்டியாக மாற்றிக் காட்டி, சுரங்கத்தின் பத்திரத்தையே அவனிடமிருந்து வாங்கிவிடுகிறான். அந்தப் பத்திரத்தை ஊர்க்காரர்களிடம் விற்கிறான். என்ன விலைக்கு? இரண்டு பேருக்கு ஒரு ராத்திரி சாப்பாடு, படுக்கைக்கான பில். காலையில் தங்கம் மறுபடி கல்லாகிவிடும். இருபத்தேழு தொகுதியில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயங்களில் ஒன்று. சம பரிமாற்றம் என்பதை இவ்வளவு குறும்பாக வேறு எங்கும் சொல்லவில்லை.

2003 அனிமே இதை ஒன்பதாவது எபிசோடாக எடுத்திருக்கிறது. பிரதர்ஹுட் தாண்டிப் போய்விட்டது. ஆனால் யோக்கி பின்னால், அரசு ரசவாதிகளைக் கொன்று திரிகிற ஸ்காரோடு சேர்ந்துகொண்டு கடைசிச் சண்டை வரை வருகிறவன். திடீரென்று இவன் யார் என்று பார்ப்பவர்கள் முழிப்பார்களே என்று, பழைய ஊமைப்படம் மாதிரி ஒரு ரெண்டு நிமிஷ நகைச்சுவையில் அவன் முன்கதையை ஓட்டி முடித்துவிட்டார்கள். சிரிப்பு வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் மெஷினைக் கழற்றி மாட்டிய பிறகு மேஜையில் ஒரு ஸ்க்ரூ மிச்சம் கிடந்தால் வயிற்றில் ஒன்று பிசையுமே, அப்படி இருந்தது.

ஸ்க்ரூ என்றதும் வின்ரி ஞாபகம். ஆட்டோமெயில் மெக்கானிக், பையன்களோடு கூட வளர்ந்தவள். ராத்திரி பகலாக எட்வர்டின் கையைச் செய்து மாட்டி அனுப்பிவிட்டுப் பார்த்தால் ஒரு ஸ்க்ரூ மிச்சம். அங்கே சண்டையில் கை பாதியில் நின்றுவிடுகிறது. அவனோ ரொம்ப முரட்டுத்தனமாக உபயோகித்துவிட்டோம் போல என்று நினைக்கிறான். அவள் மூச்சுக்காட்டாமல் வந்து மாட்டிவிடுகிறாள். அராகாவா ஹொக்கைடோவில் மாட்டுப்பண்ணை வீட்டுப் பெண், டோக்கியோவுக்கு வருவதற்கு முன் பண்ணையில் வேலை செய்தவர். தன்னைக் கண்ணாடி போட்ட மாடாகத்தான் வரைந்துகொள்வார். கையில் கிரீஸ் பட்டவர்களுக்குத்தான் இந்த மாதிரிக் காட்சி தோன்றும். பனிமலைக்குப் போனால் இரும்புக் கை தோலை உறையவைத்துப் புண்ணாக்கிவிடும், அதற்கு லேசான வேறு உலோகக் கலவையில் தனிக் கை வேண்டும் என்று பின்னால் ஒரு இடம் வருகிறது. அங்கே புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, எங்கள் ஃபிட்டர் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணா, புஸ்தகத்தைத் திருப்பிப் பிடிச்சிருக்கீங்க" என்றார். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்று புரியவைப்பதற்குள் டீ வந்துவிட்டது.

வின்ரியின் அப்பா அம்மாவைக் கொன்றது யார் என்பதிலும் இரண்டு அனிமேவும் பிரிகின்றன. 2003-ல் மேலிடத்து உத்தரவுப்படி ராணுவ அதிகாரி ராய் மஸ்டாங் சுட்டுவிடுகிறார். மாங்காவிலும் பிரதர்ஹுட்டிலும் ஸ்கார், தன்னைக் காப்பாற்றிய டாக்டர்களையே வெறியில் கொன்றுவிடுகிறான். இதில் நான் மாங்கா கட்சி. வின்ரி துப்பாக்கியை எடுத்து ஸ்காரைக் குறிபார்க்கிற இடம், எட்வர்ட் குறுக்கே வந்து நிற்கிற இடம், பிறகு அதே ஸ்காரின் காயத்துக்கு அவளே கட்டுப் போடுகிற இடம், இந்தச் சங்கிலி 2003-ல் கிடைக்கவே கிடைக்காது. பிரதர்ஹுட் இதில் ஒரு கண்ணியைக்கூட விடவில்லை.

கடைசிப் பத்துத் தொகுதியும் அப்படித்தான். பிரிக்ஸ் கோட்டை, சிங் நாட்டுக்காரர்கள், கிரகண நாள் என்று எல்லா நூலையும் ஒரே முடிச்சுக்குக் கொண்டுவந்து கட்டுகிறார் அராகாவா. மாங்காவின் கடைசி அத்தியாயம் 2010 ஜூனில் வந்தது, பிரதர்ஹுட்டின் 64-ஆவது எபிசோட் ஜூலை 4-ஆம் தேதி. ஒரு மாதம்கூட இடைவெளி இல்லை. இந்த முறை டிராயிங்கும் ஜாபும் ஒன்றாகவே முடிந்திருக்கின்றன.

யாரும் அதிகம் பேசாத ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறேன். அராகாவா சீரியஸான பக்கத்தின் மூலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கேலிச் சித்திரம் போடுவார். எட்வர்டைக் குள்ளன் என்று யாரோ சொல்லியிருப்பார்கள், அவன் முகம் வட்டமாகி, பல் மட்டும் தெரியக் கத்திக்கொண்டிருப்பான். கண் அதைத் தொட்டுவிட்டு அடுத்த பேனலுக்குப் போய்விடும், அரை நொடி. பிரதர்ஹுட்டில் அதே கேலி முழுத் திரைக்கு வருகிறது, இசை வேறு சேர்ந்துகொள்கிறது, மூன்று நான்கு நொடி நிற்கிறது. வரைந்தது அப்படியேதான் இருக்கிறது, அளவுதான் மாறிவிட்டது. பக்கத்தில் சிரித்த ஜோக்குக்குத் திரையில் நான் ரிமோட்டைத் தேடினேன்.

புத்தகத்தின் தரம் பற்றி: தாள் சுமார். ஒட்டுப் பலமாக இருக்கிறது, ஆனால் நடு மடிப்பு இறுக்கம். இரண்டு பக்கம் விரிகிற பெரிய படங்களில் நடுவில் ஒரு விரல்கடை அளவுக்கு உள்ளே போய்விடுகிறது. விரித்துப் பார்க்க ஆசைப்பட்டால் முதுகு உடையும். ஒவ்வொரு தொகுதியின் முடிவிலும் நான்கு கட்ட ஜோக்குகள் உண்டு, அந்தத் தொகுதியில் செத்தவர்கள் வானத்துக்குப் பறந்து போகிற படமும் உண்டு. அவற்றைத் தவறவிட வேண்டாம். ஆங்கிலப் பதிப்பிலும் ஒரு திருத்தம் இருக்கிறது. ஜப்பானியப் பதிப்பில் கிரீட் என்கிற பாத்திரத்தைச் சிலுவையில் அறைந்தது மாதிரி ஒரு பக்கம் வரும். ஆங்கிலத்தில் சிலுவையை எடுத்துவிட்டுப் பாறைப் பலகை போல மாற்றிவிட்டார்கள். ஒரிஜினல் என்று நான் காசு கொடுத்து வாங்கினதும் முழு ஒரிஜினல் இல்லை, பாருங்கள்.

எதை முதலில் பார்ப்பது என்று கேட்டால், 2003 அனிமேயில் ஹியூஸ் சாகும் 25-ஆவது எபிசோட் வரை பாருங்கள். அப்புறம் ஆசை இருந்தால் கடைசி வரை போங்கள், அம்மா வருகிற இடத்துக்காகவாவது. பிறகு பிரதர்ஹுட், முதல் பதினாலைப் பொறுத்துக்கொண்டு. பெட்டியை வாங்குவது கதை பிடித்தவர்களுக்கு மட்டும். நட்டு போல்ட்டு பிடித்தவர்கள் கேட்காமலே வாங்கலாம்.

முதல் மூன்று தொகுதியை அக்கா மகன் எடுத்துக்கொண்டு போனான். அவன் மாங்காவைப் படித்ததே இல்லையாம், அன்றைக்குத்தான் வாயைத் திறந்தான். ராத்திரி பதினொன்றரைக்குப் போன்.

"மாமா, இந்த யோக்கி முதல் புக்குலயே வர்றானுங்களா?"

"படி கண்ணு, படி."

மூன்றும் இன்னும் திரும்பி வரவில்லை.